பல்லும் பசையும்



மலையடிவாரப் பங்கு ஒன்றில் ஆசிரியையாகப் பணியாற்றும் வாசகி ஒருவர் சென்ற மாதம் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தார். பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் மூட்டுவலி, புதிதாக எழும்பும் கோவிலின் கடன் என்று பலவும் எழுதிவிட்டு, இறுதிப் பக்கத்தில் தம் கணவரின் பல்லைப் பற்றிக் கேட்டிருந்தார். கீழ்வரிசையில் ஒரு பல் ஈற்றோரத்தில் தேய்ந்து குழிவிழுந்துவிட்டதாம். குளிர்ந்த நீர் பட்டால் சுள்ளென்று கூசுகிறதாம். மூன்று ஆண்டுகளில் இருமுறை வெள்ளை மருந்து வைத்து அடைத்தும், இருமுறையும் அது கழன்று சோற்றோடு வந்துவிட்டதாம். "ஒட்டாத பல்லுக்கு எத்தனை முறைதான் செலவழிப்பது, சாமி? பிடுங்கிவிட்டால் தொல்லை ஒழியும் என்கிறார் அவர். ஏதோ பசை தடவி ஒட்டுகிறார்களே, அது உண்மையிலேயே பிடிக்கக்கூடியதுதானா?" என்பது அவர் கேள்வி.

நாம் மருத்துவர் அல்லோம். எனினும் இக்கேள்வியை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. ஐம்பது வயதுக்குள் பாதிப் பற்களை இழந்து, கடலையையும் முறுக்கையும் மறந்து, கூழும் குழைந்த சோறுமாய்க் காலம் தள்ளுகிற குடும்பத் தலைவர்களை ஒவ்வொரு பங்கிலும் காண்கிறோம். அவர்களுள் பலர் இழந்த முதற் பல், 'அடைத்தாலும் நிற்காது' என்ற முடிவினால் பிடுங்கப்பட்ட பல்தான். அந்த முடிவு சரிதானா என்று அறிய, பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் கற்பிக்கும் நண்பரிடமிருந்து சில ஆய்வுரைகளைக் கேட்டு வாங்கிப் படித்தோம். படித்ததில் நம் வாசகிக்கும் அவரைப் போன்ற பிறருக்கும் பயன்படக் கூடியதை ஈண்டு எழுதுகிறோம்.

பல்லில் பசை வந்தது அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன் அடைப்பு நின்றது தச்சு வேலையின் முறையில். கதவு நிலையின் மூலையில் தச்சர் புறாவால் வடிவில் வெட்டிப் பொருத்துவதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டின் வடிவமே மரத்தைக் கழலாமல் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் வாழ்ந்த ஜி. வி. பிளாக் என்னும் பல் மருத்துவர் (1836-1915) இம்முறையைப் பல்லுக்கு ஒழுங்குபடுத்தி விதிகள் வகுத்தார். பாதரசமும் வெள்ளியும் கலந்த அடைப்பு பல்லோடு ஒட்டாது. ஆகவே வாய் குறுகி அடி அகன்ற குழியாகப் பல்லைக் குடைந்து, அதனுள் அதைத் திணித்தார்கள். சொத்தை கடுகளவே இருந்தாலும், அடைப்பு நிற்பதற்காக அதைச் சூழ்ந்த நல்ல பல்லும் வெட்டப்பட்டது. பிளாக்கைக் குறை கூறுவதற்கில்லை. அக்காலத்துப் பொருள்களைக் கொண்டு அவர் செய்தது பெரிய செயல். இலட்சக்கணக்கான பற்களை அது காத்தது. ஆனால் நம் வாசகியின் கணவருக்கு வந்திருப்பது போன்ற, ஈற்றோரத்துத் தட்டுப் போன்ற தேய்வில் அவ்வாறு குடைவதற்கு இடமே இல்லை. அங்கே ஒட்டினால்தான் உண்டு.

ஒட்டுவது ஏன் இவ்வளவு அரிது என்பதை அறியப் பல்லின் அமைப்பை நோக்க வேண்டும். வெளியில் தெரிவது எனாமல். எடையில் நூற்றுக்கு 96 பங்கு கனிமம்; ஏறக்குறைய ஒரு கல்லே எனலாம். அதன் உள்ளே இருப்பது டென்டின். இதில் கனிமம் ஏறத்தாழ 70 பங்கு. 20 பங்கு புரத இழைகள் முதலிய உயிர்ப்பொருள். எஞ்சிய 10 பங்கு நீர். அதனூடே பற்கூழிலிருந்து வெளிநோக்கி எண்ணற்ற நுண்குழல்கள் ஓடுகின்றன. கூழின் அருகே ஒரு சதுர மில்லிமீட்டரில் நாற்பதாயிரத்துக்கும் மேல். அவற்றினுள் நீர்மம் நிறைந்திருக்கிறது. குளிர்ந்த நீர் பட்டதும் கூசுவது அந்த நீர்மம் அசைவதால்தான். கல்லில் ஒட்டுவது ஒன்று. ஈரமான, உயிருள்ள, துளைகள் நிறைந்த தசைநார் போன்ற பொருளில் ஒட்டுவது முற்றிலும் வேறு. பசையின் வரலாறு முழுவதும் இந்த வேறுபாட்டைச் சுற்றியே நடந்திருக்கிறது.

எனாமலில் வெற்றி விரைவில் கிடைத்தது. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில், கோடாக் காமிராவால் பெருஞ்செல்வம் ஈட்டிய ஜார்ஜ் ஈஸ்ட்மன் அந்நகரக் குழந்தைகளுக்காக நிறுவிய பல் மருத்துவ நிலையம் ஒன்று உண்டு. அங்கே பணியாற்றிய மைக்கேல் புவனோகோர், தொழிற்சாலைகளில் உலோகத் தகட்டுக்கு வண்ணம் பூசுமுன் பாஸ்பாரிக் அமிலத்தால் அதைத் துடைக்கிறார்கள், அப்போது வண்ணம் நன்றாகப் பிடிக்கிறது என்பதைக் கவனித்தார். அதையே பல்லில் செய்து பார்த்தால் என்ன என்று எண்ணினார். நூற்றுக்கு 85 பங்கு செறிவுள்ள அமிலத்தை எனாமலில் அரை நிமிடம் வைத்துக் கழுவி, உலர்த்தி, அக்ரிலிக் பிசினை வைத்தார். தீண்டப்படாத பல்லில் சில மணி நேரமே நின்ற பிசின், அமிலம் பட்ட பல்லில் வாரக்கணக்கில் நின்றது. 1955ஆம் ஆண்டு வெளியான அவருடைய சிறு கட்டுரையே பசை கொண்டு பல் அடைக்கும் கலைக்கு அடிக்கல். அமிலம் எனாமலைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் பொரித்துவிடுகிறது. பிசின் அந்தப் பொரிவுகளுக்குள் புகுந்து இறுகி, ஆயிரமாயிரம் சிறு வேர்கள் போலப் பற்றிக்கொள்கிறது. அம்மிக்கல் வழவழத்துப் போனால் கொத்திவிடுகிறோமே, ஏறத்தாழ அதைப் போன்றதே இதுவும். 1962இல் ரஃபேல் போவன் என்பவர் இதற்கேற்ற வலிய பிசின் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று 'வெள்ளை அடைப்பு' என்று நாம் வழங்குகிற காம்போசிட் அதன் வழிவந்தது.

டென்டினில் அவ்வாறு எளிதாக நடக்கவில்லை. 1949இல் ஆஸ்கர் ஹாகர் என்னும் சுவிட்சர்லாந்து வேதியியலார் அதற்கென ஒரு பசையை உருவாக்கினார். வாயின் ஈரத்தில் அது நிலைக்கவில்லை. டென்டினில் அமிலம் வைத்தால் பற்கூழ் செத்துவிடும் என்ற அச்சம் மேலை நாடுகளில் நெடுங்காலம் நிலவியது. ஜப்பானில் டோக்கியோ மருத்துவ, பல் மருத்துவப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தக்காவோ ஃபுசயாமா, 1979இல், எனாமலையும் டென்டினையும் சேர்த்தே அமிலத்தால் கழுவி ஒட்டலாம் என்று காட்டினார். அதை ஏற்க மேற்கு நாடுகளுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பற்கூழைக் கெடுப்பது பெரும்பாலும் அமிலம் அன்று, அடைப்புக்கும் பல்லுக்கும் இடையே உள்ள சந்தில் நுழைகிற கிருமிகளே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1982இல் அதே நகரத்து நொபுவோ நக்கபயாஷி, பசை எவ்வாறு பிடிக்கிறது என்பதைக் கண்டறிந்தார். அமிலம் டென்டினின் மேற்பரப்பிலுள்ள கனிமத்தைக் கரைத்துவிட, புரத இழைகள் மட்டும் நீரில் மிதக்கும் பாசிபோல் நிற்கின்றன. பிசின் அந்த இழைகளுக்கிடையே ஊறி இறுகினால், பாதி பல்லும் பாதி பிசினுமான ஒரு கலப்புப் படலம் உண்டாகிறது. ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கே தடிப்புள்ள இப்படலத்தில்தான் அடைப்பின் உயிர் இருக்கிறது.

அந்த இழைகளை மீண்டும் நினைத்துப் பாருங்கள். கழுவியபின் காற்றடித்து முற்றிலும் உலர்த்தினால், கரையேற்றிய பாசிபோல் அவை படிந்து ஒட்டிக்கொள்ளும். பிசின் உள்ளே போகாது. ஈரம் மிகுதியாக இருந்தாலோ, பிசின் நீர்த்துப் போகும். இரண்டுக்கும் இடைப்பட்ட பதம் ஒன்று உண்டு. பாகு காய்ச்சும் தாய்மார்களுக்குப் பதம் என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. ஒரே பாகு, ஒரே அடுப்பு, இருவர் கையில் இருவேறு பண்டமாவதை அறிந்தவர்கள் அவர்கள்.

இனி, வாசகி கேட்ட கேள்விக்கு நேராக வருவோம்: பிடிக்குமா?

இதை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது எளிது. பிடுங்கிய பல்லில் ஒட்டி, கருவியால் இழுத்து, எவ்வளவு விசைக்கு விடுகிறது என்று அளந்துவிடலாம். நேற்று ஒட்டிய பசை இன்று எவ்வளவு வலிமை என்பதை அந்த எண் சொல்லும்; சூடும் குளிரும் மெல்லலும் எச்சிலும் நிறைந்த வாயில் ஐந்தாண்டு கழித்து என்னாகும் என்பதைச் சொல்லாது. விளம்பரத் தாள்களில் பெரிய எழுத்தில் அச்சாவது முதல் எண்தான். இரண்டாவதை அறிய மனிதர் வாயில் ஒட்டிவிட்டு, ஆண்டுதோறும் அவர்களைத் திரும்ப அழைத்து, எத்தனை நிற்கின்றன என்று எண்ண வேண்டும். அவ்வாறு எண்ணுவதற்கு உலகெங்கும் ஆய்வாளர்கள் தேர்ந்துகொண்ட இடம் எது தெரியுமா? நம் வாசகியின் கணவருக்கு வந்திருக்கிற அதே ஈற்றோரத் தேய்வுதான். அங்கே குடைந்த பிடிமானம் கிடையாது. பெரும்பகுதி டென்டின். பசை தோற்றால் அடைப்பு விழுந்துவிடும், மறைக்க வழியில்லை. பசைக்கு இதைவிடக் கடுமையான தேர்வு வேறில்லை என்பதே காரணம்.

இத்தேர்வு முடிவுகளையெல்லாம் திரட்டியவர்கள் பெல்ஜியம் நாட்டு லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தார். தொழுநோயாளரின் திருத்தூதராம் புனித தமியானின் கல்லறை உள்ள ஊர் என்ற அளவில் லூவேனை நம் வாசகர்கள் அறிவர். மர்லீன் பொய்மன்ஸ் என்னும் பேராசிரியையும் அவருடைய துணைவர்களும் 2005இல் வெளியிட்ட தொகுப்பில், ஒவ்வோர் ஆண்டும் நூறு அடைப்புகளில் சராசரியாக எத்தனை கழன்றன என்று கணக்கிட்டார்கள். அமிலம், முதற்பூச்சு, பசை என்று மூன்று படிகளில் செய்வது: 4.8. அமிலத்தைத் தனியே வைத்துவிட்டு, மற்ற இரண்டையும் ஒரே குப்பியில் கலந்தது: 6.2. தனியே கழுவாமல், அமிலத் தன்மையுள்ள முதற்பூச்சையும் பசையையும் இரு படிகளில் தடவுவது: 4.7. எல்லாவற்றையும் ஒரே குப்பியில் அடைத்து ஒரே தடவலில் முடிப்பது: 8.1.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஆண்டுக்கு எட்டு என்றால் சிறிதாகத் தோன்றும். அதே வீதம் நீடித்தால் ஐந்தாண்டில் நூற்றுக்கு நாற்பது போய்விடும். அன்று வந்த ஒரு குப்பிப் பசைகள் விற்பனைக்கு வந்தபோது சொல்லப்பட்ட சிறப்பு, வேகம். நோயாளி நாற்காலியில் இருக்கும் நேரம் சில நிமிடங்கள் குறையும். அந்தச் சில நிமிடங்களின் விலையை நோயாளியே, பின்னர், தவணை முறையில் கொடுத்தார் என்றுதான் நாம் கருதுகிறோம். காரணமும் விளங்கக் கூடியதே. எல்லாவற்றையும் ஒரே குப்பியில் வைக்க வேண்டுமானால் அதில் நீரும் அமிலமும் கரைப்பானும் மிகுதியாக இருந்தாக வேண்டும். அத்தகைய பசை இறுகிய பின்னும் நீரை உறிஞ்சுகிறது; டென்டினின் ஈரம் அதனூடே கசிகிறது. பிசினால் மூடப்படாத புரத இழைகளை, டென்டினிலேயே உறங்கிக் கிடக்கும் நொதிகள் விழித்தெழுந்து மெல்ல மெல்லத் தின்றுவிடுவதையும் 2004 முதல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பசை வெளியே இருந்து தாக்கப்படுவது ஒருபுறம். வீட்டுக்குள்ளிருந்தே கரையான் அரிப்பது மறுபுறம்.

அந்தத் தொகுப்பில் இன்னோர் எண் இருக்கிறது. அதைத்தான் நாம் பெரிதும் வியந்து படித்தோம். ஆண்டுக்கு 1.9 மட்டுமே கழன்ற பொருள் ஒன்று உண்டு. அது புதிய கண்டுபிடிப்பு அன்று. இலண்டனில் அரசாங்க வேதியியல் ஆய்வகத்தில் ஆலன் வில்சன், பிரையன் கென்ட் ஆகிய இருவர் 1969இல் உருவாக்கிய கிளாஸ் அயனோமர் சிமெண்ட். கண்ணாடித் தூளையும் ஓர் அமில நீர்மத்தையும் குழைத்துச் செய்யப்படுவது. பல்லிலுள்ள கால்சியத்தோடு தானே வேதி முறையில் பிணைந்துகொள்கிறது; தனிப் பசை வேண்டியதில்லை. சிறிதளவு ஃபுளூரைடையும் விட்டுக்கொண்டிருக்கும். ஆனால் காம்போசிட்டைப் போன்ற அழகு இல்லை. மெல்லும் பரப்பில் தேய்ந்துவிடும். முரட்டு அழுத்தத்தில் உடையும். எனவே முன்பல்லின் முகத்துக்கும், கடைவாயில் பெரிய குழிக்கும் மருத்துவர்கள் இதை விரும்புவதில்லை, அது சரியே. ஈற்றோரத்தில், கண்ணுக்கு எளிதில் படாத பல்லில், 'நிற்க வேண்டும்' என்பதே முதல் தேவையாக இருக்கும்போது, இந்த எளிய சிமெண்டைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

அதே குழுவினர் 2014இல் கணக்கைப் புதுப்பித்தனர். கிளாஸ் அயனோமர் 2.0, மென்மையான அமிலமுள்ள இரு படிப் பசை 2.5, மூன்று படிப் பழைய பசை 3.1, மென்மையான ஒரு படிப் பசைகள் 3.6, கழுவி ஒட்டும் இரு படிப் பசை 5.8. ஒரு குப்பிப் பசைகள் திருந்திவிட்டன என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். கால்சியத்தோடு பிணையும் ஒரு மூலக்கூற்றை ஜப்பானியர் முன்பே உருவாக்கியிருந்தனர். அது சேர்ந்த பசைகள் நன்கு நிற்கின்றன. அத்தகைய இரு படிப் பசை ஒன்றை லூவேனில் 13 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், அத்தனை ஆண்டுக்குப் பின்னும் பார்க்கக் கிடைத்த அடைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் நின்றிருந்தன. 2011 முதல் வந்துள்ள 'யுனிவர்சல்' பசைகளும் இவ்வழியினவே. எனாமல் ஓரத்தில் மட்டும் தனியே அமிலம் வைத்துக் கழுவிவிட்டு அவற்றைத் தடவுவது நல்லதென்று பலர் கருதுகின்றனர்.

ஆக, 'ஒட்டாத பல்' என்பது பெரும்பாலும் இல்லை. ஒட்டாத வேலை உண்டு.

குருமடத்தில் தத்துவம் படித்த நாள்களில் காரணங்களைப் பிரித்துப் பார்க்கக் கற்பித்தார்கள்: செய்பவர், கருவி, பொருள், நோக்கம் என்று. ஓர் அடைப்பு விழுந்தால் நாம் பசையை, அதாவது கருவியை மட்டும் குறை கூறுகிறோம். (பசைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல், பற்றிக்கொள்ளுதல் எனப் பொருள்படும் 'அதெரேரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. பற்றிக்கொள்வதற்கு இருவர் வேண்டும் என்பது அச்சொல்லிலேயே இருக்கிறது.) ஒரே பசை ஒரு மருத்துவர் கையில் நிலைத்து, வேறொருவர் கையில் தவறுவதை ஆய்வாளர்கள் பலமுறை கண்டிருக்கின்றனர். செய்முறைத் தாளில் 20 வினாடி தேய்த்துத் தடவச் சொன்னால் 20 வினாடி தடவ வேண்டும். கரைப்பான் ஆவியாகுமாறு மெல்லக் காற்று ஊத வேண்டும். நீல ஒளியை உரிய நேரம், உரிய நெருக்கத்தில் காட்ட வேண்டும். இவற்றிடையே ஒரு துளி எச்சிலோ ஈற்றின் இரத்தமோ பட்டுவிட்டால், செய்த வேலை கெட்டது. மறுபடி தொடங்க வேண்டும். காம்போசிட் இறுகும்போது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்குகிறது. ஆழமான குழியில் சிறுசிறு அடுக்காக வைத்து இறுக்காவிட்டால், அந்தச் சுருக்கமே பசையைப் பிய்த்துவிடும்.

இனிப் பொருள், அதாவது பல். நெடுநாள் தேய்ந்த இடத்து டென்டின் கண்ணாடிபோல் மினுமினுத்து இறுகியிருக்கும். நுண்குழல்கள் கனிமத்தால் அடைபட்டிருக்கும். அங்கே பிசின் எளிதில் ஊறாது. மேற்பரப்பைச் சிறிது சுரண்டிச் சொரசொரப்பாக்கிய பிறகே ஒட்ட வேண்டும். நம் வாசகியின் கணவருக்கு இது நடந்ததா என்று நமக்குத் தெரியாது; மருத்துவரைக் கேட்கலாம்.

நோயாளியின் பங்கும் உண்டு. சந்தை நாளில் பேருந்துக்கு நேரமாயிற்றென்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, 'சீக்கிரம் முடியுங்கள், டாக்டர்' என்று அவசரப்படுத்துவோர் நம்மில் ஏராளம். வேலை நடுவே வாயை மூடுவதும், எழுந்து துப்புவதும் நம் வழக்கம். பஞ்சுச் சுருளோ, பல்லை மட்டும் வெளிக்காட்டும் ரப்பர் திரையோ வைத்தால் மூச்சு முட்டுகிறதென்று சிலர் பிடுங்கி எறிகிறார்கள். அது நம் எச்சிலிலிருந்து அடைப்பைக் காக்க வைப்பது. மூக்கால் மூச்சுவிட்டு அரைமணி நேரம் வாய் திறந்திருக்கப் பழகிக்கொள்ள வேண்டும். வலி தாங்காமல் கிராம்பு எண்ணெய் வைத்திருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதிலுள்ள யூஜினால் பிசின் இறுகுவதைத் தடுக்கும் இயல்புடையது.

இவற்றையெல்லாம்விட முதன்மையான கேள்வி ஒன்றை நம் வாசகி கேட்கவில்லை. அந்தப் பல் ஏன் தேய்ந்தது? அடுப்புச் சாம்பலும் செங்கல் தூளும் உமிக்கரியும் கொண்டு விரலால் தேய்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. கரகரப்பான பொடி வெள்ளையாக்கும், உண்மைதான்; கூடவே ஈற்றோரத்து மெல்லிய எனாமலையும் அராவிவிடும். இன்று பொடி மாறினாலும், கெட்டியான தூரிகையைக் குறுக்காக வைத்துப் பாத்திரம் விளக்குவதுபோல் தேய்க்கும் கை மாறவில்லை. சிலருக்கு இரவில் பல் நறநறவென்று கடிக்கும் பழக்கமும், அடிக்கடி புளித்த பானங்கள் அருந்துவதும் இதற்குத் துணைபோகின்றன. தேய்வின் காரணம் நீங்காமல் அடைப்பை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது, ஓட்டைக் கூரையின் கீழ்ச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது போன்றது. மென்மையான தூரிகை, மெல்லிய அழுத்தம், ஈற்றிலிருந்து பல்லை நோக்கிய அசைவு: இவற்றை முதலில் தொடங்கட்டும்.

கடைவாய்ப் பற்களில் சொத்தைக்காக வைக்கும் பெரிய வெள்ளை அடைப்புகளைப் பற்றியும் ஒரு சொல். பல நாட்டு மருத்துவர்களின் பதிவேடுகளை ஒன்றுகூட்டி 2014இல் வெளியான ஆய்வில், பத்தாண்டுக் கணக்கில் ஆண்டுக்கு நூற்றுக்கு 2.4 அடைப்புகளே தோல்வியுற்றன. அவையும் பெரும்பாலும் பசை விட்டு விழுந்தவை அல்ல. அடைப்பின் ஓரத்தில் மீண்டும் சொத்தை விழுந்தவை, அல்லது உடைந்தவை. அதாவது இனிப்பும் இரவுத் துலக்கலும்தான் அங்கே தீர்ப்புச் சொல்கின்றன. பழைய வெள்ளி அடைப்பு வைத்திருப்போர் அஞ்சி அதைப் பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை. பாதரசத்தால் சுற்றுச்சூழல் கெடுவதைத் தடுக்கும் பொருட்டு ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து புதிதாக அதை வைப்பதை, தவிர்க்க முடியாத மருத்துவத் தேவை இருந்தாலன்றி, நிறுத்தியது. ஆனால் வாயில் நன்றாக நிற்கும் அடைப்பைத் தோண்டினால் நல்ல பல்லும் சேர்ந்து போகும்.

இறுதியாக, பங்குகளில் பல் மருத்துவ முகாம் நடத்தும் பேரவையினருக்கும் இளைஞர் மன்றத்தினருக்கும். முகாம் என்றாலே பல் பிடுங்கும் நாள் என்றாகிவிட்டது. மின்சாரமும் நாற்காலியும் இல்லாத இடத்தில் வேறென்ன செய்ய முடியும் என்று கேட்கிறார்கள். 1980களின் நடுவில் ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில் இதே கேள்வி எழுந்தது. குடையும் இயந்திரமின்றி, கைக்கருவியால் மட்டும் சொத்தையைச் சுரண்டி, மேலே சொன்ன கிளாஸ் அயனோமர் சிமெண்டால் அடைக்கும் முறையை யோ ஃபிரெங்கன் என்னும் நெதர்லாந்துக்காரர் அங்கே உருவாக்கினார். 1994ஆம் ஆண்டின் உலக நல நாள் வாய் நலத்துக்கென ஒதுக்கப்பட்டபோது உலக நல நிறுவனம் அம்முறையைப் பரிந்துரைத்தது. பெரும்பாலும் ஊசி போடவே நேர்வதில்லை என்பதால் குழந்தைகள் அழுவதும் குறைவு. 2012இல் திரட்டிய கணக்கின்படி, பாற்பல்லின் ஒரே முகத்தில் உள்ள குழியை இவ்வாறு அடைத்தால் இரண்டாண்டில் நூற்றுக்கு 93 நிற்கின்றன. இரண்டு மூன்று முகங்களில் பரவிய குழியென்றால் 62தான். எனவே எல்லாப் பல்லுக்கும் இது பொருந்தாது. எது பொருந்தும் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

முகாம் பேசும்போதே அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரியாரிடம், 'அடைக்கவும் வருவீர்களா?' என்று கேளுங்கள். பிள்ளைகள் படுத்துக்கொள்ளப் பள்ளியின் நீண்ட மேசைகள் இரண்டு, தலைக்கு ஒரு தலையணை, சன்னலோரத்து வெளிச்சம், காய்ச்சி ஆறவைத்த நீர், கை கழுவ இடம், இவ்வளவே பங்கின் பொறுப்பு. குழைத்த சிமெண்டைக் குழியில் வைத்து, வாசலின் தடவிய கையுறை விரலால் மருத்துவர் சற்று நேரம் அழுத்திப் பிடித்திருப்பார். அந்நேரம் பிள்ளை அசையாதிருக்கத் தாய் அருகில் நிற்கட்டும். அதன்பின் ஒரு மணி நேரம் எதுவும் தின்னக் கொடுக்கலாகாது. முகாம் வாசலில் மிட்டாய் விற்பவரை அன்று மட்டும் தெருமுனைக்கு அனுப்பிவிடுங்கள். வரிசை நீளுகிறதென்று மருத்துவரை விரைவுபடுத்தவும் வேண்டாம். ஒரு முற்பகலில் பத்துப் பிள்ளைகளுக்குத்தான் முடியுமென்றால், பத்துப் பேரின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு, மற்றவர்களுக்கு அடுத்த சனிக்கிழமையைக் குறித்துக் கொடுங்கள்.